படியெடுக்கையில் நேரும் பிணக்கு

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே சிறிது தொலைவு சென்றால் சாளுவன்குப்பம் என்னும் சிற்றூர் வரும். அங்கே செல்வோர் பெரும்பாலும் புலிக்குகையைக் கண்டு, அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவர். அதன் அருகிலேயே அதிரணசண்ட மண்டபம் என்ற குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. அதன் இரு பக்கச் சுவர்களிலும் வடமொழிச் செய்யுட்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தென்சுவரில் இருப்பவை பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்தவை. வடசுவரில் இருப்பவை நாகரி எழுத்தில் அமைந்தவை. எழுத்து வேறு, செய்யுட்கள் ஒன்றே. மாமல்லபுரத்துக்குள்ளேயும் கணேச ரதத்தில் உள்ள செய்யுட்கள் பெரும்பாலும் அப்படியே தருமராச மண்டபத்திலும் காணப்படுகின்றன. ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1890ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இவை அச்சேறியிருக்கின்றன.

ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் வைத்தால் அது அழிந்துபோகக்கூடும். ஈரிடத்தில் வைத்தால் ஒன்றில் தேய்ந்ததை மற்றொன்றைக் கொண்டு படிக்கலாம். இவ்வுண்மையின் அருமையை நம் கடற்கரை மக்கள் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையின்போது உணர்ந்தார்கள். குடும்ப அட்டையும், பள்ளிச் சான்றிதழும், படகுப் பதிவுத் தாளும் அலையோடு போயின. வேறோர் அலுவலகத்தில் படி இருந்தவர்களுக்கு அவை மீண்டும் கிடைத்தன.

இன்று நம் ஏடுகள் கணினிக்குள் போய்விட்டன. ஆகவே படியெடுக்கும் வேலையையும் கணினியே செய்கிறது. அவ்வாறு படியெடுக்கத் தொடங்கும் முதற்கட்டத்தில் நேரும் பிணக்குகளைப் பற்றியும், அவற்றை எவ்வாறு தீர்ப்பது என்பதைப் பற்றியும் மாணவர்களாகிய உங்களோடு இன்று பேச விரும்புகிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டோடு வாழ்நாளெல்லாம் பழகியவன் நான். பிணக்கு நேர்ந்ததும் அந்தப் பதிவேட்டில்தான்.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணினியில் செய்திகளை அட்டவணைகளாக அடுக்கி வைத்திருக்கும் அமைப்பைத் தரவுத்தளம் என்கிறோம். உலகெங்கும் வழங்கும் தரவுத்தள மென்பொருள்களுள் போஸ்ட்கிரஸ் என்பது ஒன்று. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது அது. விலையின்றிக் கிடைப்பதால் சிறு நிறுவனங்களும் அதைக் கையாளுகின்றன. அதில் படியெடுப்பதற்கு இரு முறைகள் உண்டு. ஒன்று, வட்டில் எழுதப்பட்டவாறே பக்கத்துக்குப் பக்கம் உருமாறாமல் பெயர்ப்பது. மற்றொன்று, எந்த வரி சேர்ந்தது, எந்த வரி மாறியது, எந்த வரி நீங்கியது என்னும் பொருளை மட்டும் எடுத்துச் சொல்வது. இந்த இரண்டாம் முறைக்கு லாஜிகல் ரெப்ளிகேஷன் என்று பெயர். 2017ஆம் ஆண்டு வெளிவந்த 10ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரஸ் இதனைத் தன்னகத்தே கொண்டிருக்கிறது. சாளுவன்குப்பத்து வடசுவரைப் போன்றது இது. எழுத்து மாறலாம், சொல்லும் பொருள் மாறலாகாது. மூலத்தில் ஒரு பதிப்பும் படியில் வேறொரு பதிப்பும் இருந்தாலும் இம்முறை நடைபெறும்.

செய்தியை அனுப்பும் தளம், எந்தெந்த அட்டவணைகளை அனுப்பப் போகிறோம் என்று ‘வெளியீடு’ ஒன்றை அறிவிக்கிறது. பெறும் தளம் அதற்குச் ‘சந்தா’ கட்டுகிறது. பத்திரிகை உலகத்தின் சொற்களையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பத்திரிகைச் சந்தாவுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. இன்று சந்தா கட்டுகிறவருக்கு இன்றைய இதழ் முதல் வரும். பழைய இதழ்கள் வாரா. தரவுத்தளத்திலோ பழையன அனைத்தும் வந்து சேர்ந்தால்தான் புதியனவற்றுக்குப் பொருள் உண்டாகும். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு மாணவனின் பெயரே இல்லாதபோது, ‘அம்மாணவன் முகவரி மாற்றம்’ என்று செய்தி வந்தால் என்ன செய்வது? ஆகவே முதற்கண் பழைய வரிகள் அனைத்தையும் ஒருமுறை முழுமையாகப் பெயர்க்கவேண்டும். இதற்குத்தான் தொடக்க ஒத்திசைவு என்று பெயர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெயர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மூலப் பதிவேடு சும்மா இராது. புதிய மாணவர் சேர்வர். சிலர் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் செல்வர். ஓடும் ஆற்றைப் படம் எழுதுவது போன்ற வேலை இது. இதனை எவ்வாறு சமாளிக்கிறார்கள் என்பதை நம் கடைவீதிக் கணக்குமுறையைக் கொண்டே விளக்கலாம்.

வணிகர் இரு ஏடுகள் வைத்திருப்பர். நிகழ்ந்ததை நிகழ்ந்த வரிசையில் எழுதுவது நாள்வழி. ஆள்வாரியாகத் தொகுத்து எழுதுவது பேரேடு. தரவுத்தளத்திலும் அவ்வாறே. எந்த மாறுதலும் முதலில் நாள்வழியில் ஏறிய பிறகே அட்டவணையாகிய பேரேட்டில் நிலைபெறும். படியெடுக்கத் தொடங்கும்போது நாள்வழியில் ஓரிடத்தில் அடையாளம் ஒன்று வைக்கப்படுகிறது. அந்த நொடியில் பேரேடு எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அது முழுவதும் பெயர்க்கப்படுகிறது. பெயர்த்து முடிந்தபின், அடையாளம் வைத்த இடத்திலிருந்து நாள்வழியைப் படித்து, அதற்குப்பின் நிகழ்ந்த மாறுதல்கள் ஒவ்வொன்றும் படியில் ஏற்றப்படுகின்றன. அடையாளத்துக்கு முன்னிருப்பவை பேரேட்டின் வழியாகவும், பின்னிருப்பவை நாள்வழியின் வழியாகவும் வந்து சேர்வதால், எதுவும் விடுபடுவதில்லை; எதுவும் இருமுறை வருவதுமில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எந்திரத்தின் முறை இவ்வளவு செம்மையாக இருக்கும்போது, ‘இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது’ என்று படித்தளம் முறையிட்டு நின்றுவிடுமானால், குற்றம் பெரும்பாலும் எந்திரத்தினுடையதன்று. நாம் வேறு வழியாக எதையோ உள்ளே வைத்திருக்கிறோம் என்பதே அதன் பொருள்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். ஓர் அறக்கட்டளை இரு பள்ளிகளை நடத்திவருகிறது. ஒன்று மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம். மற்றொன்று செங்கற்பட்டுக்கு உட்புறத்தே ஏரிப்பாசன ஊர் ஒன்றில். இரு பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளையும் செங்கற்பட்டில் உள்ள நடுவலுவலகக் கணினியில் ஒருங்கே படியெடுத்து வைக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். கணினிப் பொறியாளராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்து அவ்வேலையை ஏற்றுக்கொண்டார். பதிவேட்டு விவரங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

கடற்கரைப் பள்ளிக்கு முதலில் சந்தா அமைத்தார். சற்று நேரத்தில் கணினி பிழையறிவிப்புக் காட்டியது. சேர்க்கை எண் 417 ஏற்கெனவே இருக்கிறது. தனித்தன்மை விதி மீறப்படுகிறது என்பது அதன் கருத்து. பிரைமரி கீ எனப்படும் முதன்மை அடையாள எண் ஓர் அட்டவணையில் ஒருமுறைதான் வரலாம் என்பது விதி. விதி மீறப்பட்டவுடன், அதுவரை அவ்வட்டவணையில் ஏறிய வரிகள் அனைத்தும் இரத்தாகிவிட்டன. ஒரே ஒரு வரிக்காக ஆயிரம் வரிகளும் திரும்பிப் போயின. சில நொடிகளில் எந்திரம் மறுபடி முயன்றது; மறுபடி அதே 417இல் முட்டியது. இவ்வாறு முயல்வதும் முட்டுவதுமாக இருந்தது.

மாணவர் சிரித்துக்கொண்டே, “ஐயா, அந்த 417ஐ இங்கிருந்து நீக்கிவிடட்டுமா? ஒரு நொடி வேலை” என்றார்.

“தம்பி, அது ஓர் எண் அன்று, ஒரு குழந்தை. அந்தக் குழந்தை இங்கே எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம்” என்றேன்.

பார்த்தபோது, நடுவலுவலகக் கணினியில் அந்த அட்டவணை வெறுமையாக இல்லை. உதவித்தொகை விண்ணப்பங்களுக்காக அலுவலக எழுத்தர் சில மாணவர்களின் விவரங்களை முன்னரே கையால் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். 417 அவற்றுள் முதலாவது. அதை மட்டும் நீக்கியிருந்தால் எந்திரம் அடுத்த எண்ணில் போய் முட்டியிருக்கும்.

அவ்வரிகளையும் பள்ளியின் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். மாவட்டத்தின் பெயர் பலவற்றில் வேறுபட்டது. பள்ளிப் பதிவேட்டில் காஞ்சிபுரம் மாவட்டம். எழுத்தர் வைத்திருந்ததில் செங்கற்பட்டு மாவட்டம். இது பிழையன்று. 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம் உருவானபோது இப்பகுதி அதனுள் இருந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. அந்நாளுக்கு முன் எழுதியவரும் மெய்யே எழுதினார். பின் எழுதியவரும் மெய்யே எழுதினார். காலத்தால் வந்த வேறுபாட்டைப் பிழையென்று எண்ணித் திருத்தப் புகுவதும் ஒரு பிழையே.

ஆனால் ஒரு வரியில் வேறுபாடு வேறு வகையாக இருந்தது. ஒரு மாணவியின் பிறந்த தேதி பள்ளிப் பதிவேட்டில் ஒன்றாகவும், எழுத்தரின் வரியில் வேறொன்றாகவும் இருந்தது. எழுத்தரை அழைத்துக் கேட்டோம். அவர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தே தட்டச்சுச் செய்ததாகக் கூறி, அதன் நகலையும் எடுத்துக் காட்டினார். ஆக, மூலமென்று நாங்கள் நம்பியதில் பிழை. தற்செயலாகக் கிடந்த படியில் மெய். கண்ணை மூடிக்கொண்டு படித்தளத்தை வெறுமையாக்கியிருந்தால், அந்த மெய் அழிந்து, பிழை மட்டும் இரு இடங்களிலும் நிலைபெற்றிருக்கும். பிறந்த தேதி சான்றிதழோடு பொருந்தாமையால் அம்மாணவியின் உதவித்தொகை விண்ணப்பம் தடைபட்டிருக்கும். பிற்காலத்தில் வேலைக்குச் செல்லும்போதும் அப்பிழை அவளைத் தொடர்ந்திருக்கும்.

எனவே முறைப்படி தலைமையாசிரியரின் ஆணை பெற்று, பிறப்புச் சான்றிதழைச் சான்றாக வைத்து, பள்ளியில் உள்ள மூலத்தையே முதலில் திருத்தினோம். எழுத்தரின் வரிகளைத் தனியே ஒரு காப்புப் பிரதி எடுத்து வைத்தோம். பிறகே படித்தளத்து அட்டவணையை வெறுமையாக்கினோம். எந்திரம் அடுத்த முயற்சியில் தடையின்றிப் பெயர்த்து முடித்தது.

மறுநாள் ஏரிக்கரைப் பள்ளிக்குச் சந்தா அமைத்தார். அதே பிழையறிவிப்பு மீண்டும் வந்தது. இம்முறை முட்டிய எண் 1.

நேற்றுப் பயன்பட்ட மருந்தை இன்றும் கொடுக்கலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அட்டவணையை வெறுமையாக்கினால் பெயர்ப்பு முடிந்துவிடும். ஆனால் முடிவது என்ன? நேற்று ஏற்றிய கடற்கரைப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் நடுவலுவலகத்திலிருந்து மறைந்துபோவார்கள். பிழையறிவிப்பும் வராது, எல்லாம் நலமே நடப்பதாகத் தோன்றும். அதற்குப் பிறகு நிகழ்வது இன்னும் கொடிது. கடற்கரைப் பள்ளியில் 417ஆம் எண் மாணவியின் முகவரி மாறியது என்று செய்தி வரும். எந்திரம் எண்ணை மட்டும் பார்த்து, ஏரிக்கரைப் பள்ளியின் 417ஆம் எண் மாணவன்மீது அவ்விவரங்களை எழுதிவிடும். அந்த எண்ணில் எவரும் இல்லையென்றால் அச்செய்தியை ஒதுக்கிவிட்டு மேலே போய்விடும். ஒரு குழந்தை வேறொரு குழந்தையாக மாறிவிடும். மற்றொன்று இல்லாமலே போய்விடும்.

உண்மையில் நேர்ந்தது என்னவெனில், நம் பள்ளிகளில் ஒவ்வொன்றும் தன் சேர்க்கைப் பதிவேட்டை 1 என்ற எண்ணிலிருந்தே தொடங்குகிறது. ஒரு பள்ளிக்குள் அந்த எண் ஓர் ஆளைக் குறிக்கப் போதுமானது. இரு பள்ளிகள் ஓரிடத்தில் கூடியவுடன் அது போதாமற் போகிறது. நம் ஊரில் ‘முருகன்’ என்று அழைத்தால் ஒருவர் திரும்புவார். திருவிழாக் கூட்டத்தில் அழைத்தால் நூறு பேர் திரும்புவர் அல்லவா? இங்கே எந்த வரியும் பிழையன்று. அடையாளமே குறைபாடு உடையது. ஆகவே அமைத்த சந்தாக்களை நீக்கிவிட்டு, அட்டவணையில் பள்ளிக் குறியீடு என்று ஒரு பத்தியைச் சேர்த்து, பள்ளிக் குறியீடும் சேர்க்கை எண்ணும் இணைந்ததையே முதன்மை அடையாளமாக மூன்று கணினிகளிலும் ஆக்கினோம். பிறகு இரு பள்ளிகளையும் புதிதாகப் பெயர்த்தோம்.

அப்போதும் ஓரிடத்தில் நின்றது. இம்முறை முட்டியது சேர்க்கை எண்ணில் அன்று, கைப்பேசி எண்ணில். நடுவலுவலகத்து அட்டவணையை அமைத்தபோது, ஒரு கைப்பேசி எண் ஒருமுறைதான் வரலாம் என்று யாரோ விதி செய்திருந்தார்கள். பள்ளிகளின் அட்டவணையில் அவ்விதி இல்லை. இருக்கவும் முடியாது, ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளியில் படித்தால் இருவருக்கும் தந்தையின் எண் ஒன்றுதானே! அந்த விதியை நீக்கியதும் பெயர்ப்பு நிறைவுற்றது.

மாணவர்களே, இம்மூன்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மூன்று முறையும் கணினி கூறிய சொல் ஏறத்தாழ ஒன்றே: ‘இது ஏற்கெனவே இருக்கிறது.’ முதல் முறை, படித்தளத்தில் கையால் எழுதிய பழைய வரிகள் இருந்தன. இரண்டாம் முறை, இரு வேறு ஆட்கள் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தனர். மூன்றாம் முறை, விதியே பொருந்தாததாக இருந்தது. முதலாவதற்கு மருந்தாகியது இரண்டாவதற்கு நஞ்சாகியிருக்கும். காய்ச்சல் என்று வருவோர் அனைவருக்கும் ஒரே குளிகையைக் கொடுப்பவர் மருத்துவர் ஆகார். பிழையறிவிப்பு நோயன்று, நோயின் குறி.

இவ்வனுபவத்திலிருந்து, இத்துறைக்குச் செல்லப்போகும் மாணவர்களுக்கு நான் கற்ற வரிசையைச் சொல்லுகிறேன்.

முதலாவது, பிழையறிவிப்பை முழுமையாகப் படிக்கவேண்டும். எந்த அட்டவணை, எந்த விதி, எந்த மதிப்பு என்னும் மூன்றும் அதில் இருக்கும். விதியின் பெயரைப் பார்த்திருந்தால், கைப்பேசி எண்ணால் வந்த பிணக்கைச் சேர்க்கை எண்ணால் வந்ததென்று மயங்க இடமில்லை. அட்டவணை ஒவ்வொன்றும் எந்நிலையில் இருக்கிறது என்பதைப் படித்தளம் ஒரு குறியெழுத்தால் குறித்து வைத்திருக்கும். ‘ஐ’ என்றால் தொடக்க நிலை. ‘டி’ என்றால் பெயர்ப்பு நடக்கிறது. ‘ஆர்’ என்றால் பெயர்ப்பு முடிந்து நாள்தோறும் செய்திகளைப் பெற்றுக்கொண்டிருக்கிறது. பல அட்டவணைகளுள் ஒன்று மட்டும் ‘டி’யிலேயே நெடுநேரம் நின்றால் பிணக்கு அங்கேதான்.

இரண்டாவது, முட்டிக்கொண்டே இருக்கும் எந்திரத்தை நிறுத்தி வைக்கவேண்டும். 2022ஆம் ஆண்டு வெளிவந்த 15ஆம் பதிப்பிலிருந்து, பிழை நேர்ந்தால் சந்தா தானே நின்றுவிடுமாறு அமைக்கும் வசதி உண்டு. ஆனால் நிறுத்திவிட்டு மறந்துபோகலாகாது. சந்தாதாரர் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும் வரையில் மூலத்தளம் தன் நாள்வழியின் ஏடுகளைக் கழிக்காமல் காத்து வைத்திருக்கும். சிறு பள்ளியில் அவை மெல்லச் சேரும். நாள் முழுதும் கொடுக்கல் வாங்கல் நடக்கும் வங்கி போன்ற இடத்திலோ அவை விரைந்து குவிந்து வட்டை நிரப்பிவிடும். அப்போது மூலத்தளமே நின்றுவிடும். படியைக் காக்கப் போய் மூலத்தை இழந்த கதையாக முடியும். 2020ஆம் ஆண்டின் 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாம். வரம்பைக் கடந்தால் மூலத்தளம் பிழைக்கும். படியெடுப்பைத்தான் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

மூன்றாவது, முட்டிய இரு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். இரண்டும் ஓர் ஆளைப் பற்றியவையா, ஈராளைப் பற்றியவையா? ஓர் ஆளைப் பற்றியவை என்றால் எது மெய்? இதனைக் கணினி சொல்லாது. பதிவேட்டையும், சான்றிதழையும், எழுதியவரையும் கேட்டே அறியவேண்டும்.

நான்காவதாகவே மருந்து. படியில் இருப்பது பயனற்ற பழைய நகல் என்று உறுதியானால், காப்புப் பிரதி எடுத்துக்கொண்டு வெறுமையாக்கலாம். படியில் மெய் இருக்குமானால் அதை முதலில் மூலத்தில் ஏற்றவேண்டும். அடையாளமே குறையுடையதானால் அதைத் திருத்தவேண்டும். விதி பொருந்தாவிட்டால் விதியை மாற்றவேண்டும். வேறு வழியாக முன்னரே முழுமையாகப் பெயர்த்தாகிவிட்டது, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே என்று தெரிந்தால், பழையனவற்றைப் பெயர்க்காமல் புதியனவற்றை மட்டும் அனுப்புமாறு சந்தா அமைக்கவும் வழி உண்டு. ஆனால் முன்பு பெயர்த்த நேரத்துக்கும் சந்தா தொடங்கிய நேரத்துக்கும் இடையே மூலத்தில் ஒரு மாறுதலும் நிகழ்ந்திருக்கக்கூடாது. நிகழ்ந்திருந்தால் அது இரு வழியிலும் வராமல் நடுவில் விழுந்து மறையும்.

சிலர், முட்டியதைத் தாண்டிச் செல்லுமாறு கட்டளையிடும் வசதி ஒன்று இருக்கிறதே என்பர். அது தொடக்கப் பெயர்ப்பு முடிந்தபின் வரும் அன்றாடச் செய்திகளுக்கு உரியது. முதற்பெயர்ப்பில் தாண்டுவதற்கென்று தனித்த செய்தி எதுவும் இல்லை; அட்டவணை முழுவதும் ஒரே மூட்டையாக வருகிறது. அன்றாடச் செய்திகளிலும், தாண்டினால் முட்டிய ஒரு வரி மட்டும் அன்று, அதனோடு ஒரே நடவடிக்கையில் வந்த எல்லா மாறுதல்களும் விடுபட்டுப் போகும். ஆகவே அக்கட்டளையை அறிந்து கையாளவேண்டும். 2025ஆம் ஆண்டில் வெளிவந்த 18ஆம் பதிப்பு இத்தகைய அன்றாடப் பிணக்குகளுக்கு வகைவாரியாகப் பெயரிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை முறை நேர்ந்தது என்று எண்ணி வைக்கிறது. எது மெய் என்று தீர்ப்புச் சொல்லும் வேலை மட்டும் இன்னும் மனிதனிடமே இருக்கிறது.

செங்கற்பட்டுச் சீமை இவ்வேலைக்குப் புதியதன்று. ஆர்க்காட்டு நவாப் இச்சீமையை 1763ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு கம்பெனியார் இங்குள்ள ஏறத்தாழ 2000 ஊர்களின் நிலம், வீடு, குடி, மானியம் ஆகியவற்றைக் கணக்கெடுத்தனர். ஊர்க்கணக்கர்கள் ஓலையில் தமிழில் எழுதிய விரிவான கணக்குகள் ஒருபுறம். அவற்றிலிருந்து கம்பெனியார் ஆங்கிலத்தில் எடுத்த சுருக்கங்கள் மற்றொருபுறம். சுருக்கங்கள் சென்னை ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தார், மாமல்லபுரம் செல்லும் வழியிலுள்ள திருப்போரூருக்கும், வடக்குப்பட்டு என்னும் ஊருக்கும் உரிய ஓலைக்கணக்குகளை 2001ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். சுருக்கம் கையில் இருக்கிறதே என்று எவரும் ஓலையை எறிந்துவிட்டிருந்தால், அவ்வூர்களின் விரிந்த வாழ்க்கை நமக்குக் கிடைத்திராது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிக் கொணர்ந்து ஒப்பிட்டார் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டது. பொருந்தாத ஏட்டைத் தூக்கி எறிவது எளிய வழி. பதிப்பாசிரியர் அவ்வாறு செய்வதில்லை. வேறுபடும் பாடத்தை வைத்துக்கொண்டு, எது மூலத்துக்கு உரியது, எது எழுதியவன் கை பிசகியதால் வந்தது என்று ஆராய்கிறார். பாடபேதம் அவருக்குத் தொல்லையன்று, துணை.

கணினியைக் கையாளப்போகும் இளைஞர்களுக்கும் அதே பண்பு வேண்டும். விசைப்பலகையில் ஒரு கட்டளை தட்டினால் ஆயிரம் வரிகள் ஒரு நொடியில் மறையும் காலம் இது. அழிப்பது எளிதாக எளிதாக, அழிக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி பெரிதாகிறது. வரிகளுக்குப் பின்னே குழந்தைகள் இருக்கிறார்கள். நிலம் உழுவோர் இருக்கிறார்கள். ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் முதியோர் இருக்கிறார்கள்.

அந்த மாணவியின் உதவித்தொகை உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. தன் பெயர் ஒரு கணினியில் சில நாள் முட்டிக்கொண்டு நின்றதை அவள் அறியமாட்டாள். அறியவேண்டியதும் இல்லை. என் மாணவர் மட்டும் ஊருக்குத் திரும்புமுன் என்னிடம் விடைபெற வந்தார். “ஐயா, அன்றைக்கு ஒரு நொடி வேலை என்று சொன்னேனே!” என்றார். “நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்தாய்” என்று சொல்லி அனுப்பினேன்.